எட்டில் நான்கு: ஜி.எம். கழித்த பெயர்களும் கழித்தபின் நடந்ததும்

கணக்குப்பிள்ளை

2009 ஜூன் 1 அன்று ஜெனரல் மோட்டார்ஸ் (ஜி.எம்.) திவால் மனு போட்டபோது அமெரிக்காவில் அதன் கையில் எட்டுப் பெயர்கள் இருந்தன: ஷெவர்லே, பான்டியாக், ப்யூக், காடிலாக், ஜி.எம்.சி., சாட்டர்ன், சாப், ஹம்மர். ஜூலை 10 அன்று புதிய கம்பெனி வெளியே வந்தபோது ஷெவர்லே, காடிலாக், ப்யூக், ஜி.எம்.சி. நான்குதான் மிச்சம் என்பது முடிவாகிவிட்டது. இந்த வண்டிகளைக் கழற்றியவர்கள், விற்றவர்கள், பாகம் தேடி அலைந்தவர்கள் கண்டதை இந்த மன்றத் திரியில் எழுதுங்கள். ஒப்பாரி வேண்டாம், விவரம் வேண்டும்.

முதலில் நானே ஒன்றைச் சொல்கிறேன். ஒரு பெயரை, அதாவது வண்டியின் பேட்ஜை, தூக்கினால் பணம் மிச்சம் என்பது பாதிதான் உண்மை. ஒரே அடிச்சட்டத்தின் மேல் ஷெவர்லே ட்ரெயில்பிளேஸர், ஜி.எம்.சி. என்வாய், ஓல்ட்ஸ்மொபில் பிராவாடா, ப்யூக் ரெய்னியர், இசுசு அசென்டர், சாப் 9-7எக்ஸ் என்று ஆறு பெயரில் வண்டி விட்டார்கள். அடியில் போய்ப் பார்த்தால் அடிச்சட்டமும் சஸ்பென்ஷன் அமைப்பும் ஒன்றே. கிரில், விளக்கு, பம்பர், சீட் துணி மாறும். சாப் என்றால் சாவித் துவாரத்தை ஸ்டீயரிங் பக்கத்திலிருந்து கியர் லீவருக்கு அருகே கொண்டுபோய் வைப்பார்கள், அவ்வளவுதான். இதில் ஒரு பெயரை நிறுத்தினால் முன்பக்கத் தோற்றத்துக்கான வார்ப்பு அச்சும் விளம்பரச் செலவும் மிஞ்சும், ஆலை அப்படியே ஓடும். பெரிய செலவு குறைந்தது ஒஹாயோ மொரெய்ன் ஆலையை 2008 டிசம்பரில் மூடியபோதுதான். அதற்கு எந்தப் பெயரையும் கொல்ல வேண்டியிருக்கவில்லை.

பிறகு ஏன் பெயரைக் குறைக்க வேண்டும்? ஒவ்வொரு ஷோரூமும் தனக்கும் ஒன்று கொடு என்று கேட்கும், அதனால்தான். 2005-க்கு வந்த மினிவேனைப் பாருங்கள்: ஷெவர்லே அப்லாண்டர், பான்டியாக் மொன்டானா எஸ்.வி.6, ப்யூக் டெராஸா, சாட்டர்ன் ரிலே. நான்கும் ஒரே வண்டி. விளம்பரக் காசை நாலாகப் பிரித்ததில் ஒரு பெயர்கூட வாங்குபவர் மனதில் நிற்கவில்லை. எதிரே ஹோண்டாவிடம் ஒரே ஒடிஸி, டொயோட்டாவிடம் ஒரே சியன்னா.

ஷோரூம் பக்கம்

நண்பர் சொன்னதோடு டீலர் ஒப்பந்தத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இது தெரியாமல் "எதை வைக்கலாம், எதைத் தள்ளலாம்" என்று பேசுவது வீண்.

அமெரிக்காவில் டீலருக்குப் பாதுகாப்புக் கொடுப்பது மாநிலச் சட்டங்கள். தக்க காரணம் இல்லாமல் ஒப்பந்தத்தை முறிக்க முடியாது. முறித்தால் விற்காத வண்டி, பாகங்கள், பெயர்ப்பலகை, அந்த பிராண்டுக்கென்றே வாங்கிய கருவிகள் எல்லாவற்றையும் கம்பெனி திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும். கட்டடத்துக்கும் நஷ்டஈடு கேட்பார்கள். ஓல்ட்ஸ்மொபில் முடிவை 2000 டிசம்பரில் அறிவித்தார்கள். கடைசி அலெரோ லான்சிங்கில் இறங்கியது 2004 ஏப்ரல் 29 அன்று. டீலர்களுக்கு மட்டும் நூறு கோடி டாலருக்கு மேல் போயிற்று. ஒரு பெயருக்கே இந்த அடி. அதன்பின் இன்னொரு பெயரைத் தொட யாருக்குத் தைரியம் வரும்? பான்டியாக்கும் சாட்டர்னும் 2009 வரை இழுத்துக்கொண்டு கிடந்ததற்குப் பெரிய காரணம் இதுதான். சோறு போடுவதைவிடக் காரியம் செய்வதற்குச் செலவு அதிகம்.

திவால் நீதிமன்றத்துக்குள் போனதும் கணக்கு தலைகீழாகிவிட்டது. அங்கே நீதிபதி அனுமதித்தால் ஒப்பந்தத்தை நிராகரிக்கலாம், மாநிலச் சட்டம் குறுக்கே நிற்காது. அப்போது திவாலாகியிருந்த கிரைஸ்லர் அப்படித்தான் 789 டீலர்களுக்கு 2009 மே 14 அன்று அறிவித்து ஜூன் 9-ஓடு கணக்கை முடித்தது. நான்கு வாரம்கூட இல்லை. வாசலில் நின்ற வண்டிகளுக்கு வங்கி வட்டி நாள்தோறும் ஏறிக்கொண்டிருக்க, பக்கத்து டீலரிடம் அடிமாட்டு விலைக்குத் தள்ள வேண்டியதாயிற்று.

ஜி.எம். கொஞ்சம் நிதானமாகப் போனது. கழிக்கும் டீலர்களுக்கு 2010 அக்டோபர் வரை அவகாசம். புது வண்டி ஆர்டர் போட முடியாது, இருப்பை விற்கலாம், வாரண்டி வேலை செய்யலாம். இதுதான் சரியான வழி என்பேன். சரக்கு கரையவும் வாடிக்கையாளர் வேறு இடம் பார்க்கவும் நேரம் கிடைக்கிறது. அப்படியும் கூச்சல் அடங்கவில்லை. 2009 டிசம்பரில் நாடாளுமன்றம் டீலர்களுக்கு நடுவர் முறையீட்டு உரிமை கொடுத்தது. 2010 மார்ச்சில் ஜி.எம். 661 டீலர்களைத் திரும்ப அழைத்தது.

இன்னொன்று. மூடப்போவதாகச் சொன்ன அன்றே அந்தப் பெயரில் ஓடும் பழைய வண்டியின் மதிப்பு சரியும். லீஸுக்கு விட்ட வண்டி மூன்று வருடம் கழித்து என்ன விலை போகும் என்று முன்கூட்டியே எழுதி வைத்திருப்பார்களே, அந்தத் தொகை தேறாது. இந்த நஷ்டம் மூடும் செலவுப் பட்டியலில் வராது, கடன் கொடுத்த கம்பெனியின் ஏட்டில் போய் உட்காரும்.

கிரீஸ் கை

சாட்டர்னைப் பற்றி நான் எழுதுகிறேன். 1990-இல் டென்னசி ஸ்பிரிங் ஹில்லில் முதல் வண்டி. பேரம் பேசாத விலை, பிளாஸ்டிக் கதவு. ஷோரூமில் கதவை உதைத்துக் காட்டினாலும் பள்ளம் விழாது. ஆனால் பிளாஸ்டிக் வெயிலில் இரும்பைவிட அதிகம் விரியும். அதனால் கதவுக்கும் ஃபெண்டருக்கும் நடுவே இடைவெளியை வேண்டுமென்றே அகலமாக விட்டிருந்தார்கள். பழுது பார்க்கும் இடத்தில் "அழகாக" இருக்கட்டும் என்று இடைவெளியைக் குறைத்துப் பூட்டினால், கோடையில் ஓரம் உரசிப் பெயின்ட் உரியும். அதைப் பார்த்தாலே முன்பு யாரோ கை வைத்த வண்டி என்று தெரிந்துவிடும்.

2006-இல் ஆரா இரும்பு உடலோடு வந்தது, பிறகு வ்யூவும் இரும்புக்கு மாறியது. தனக்கென்று இருந்த ஒரே அடையாளமும் போனபின் சாட்டர்ன் என்பது அப்போது ஜி.எம்.-இடம் இருந்த ஜெர்மன் ஓப்பல் வண்டிக்கும் ஷெவர்லே மாலிபு அடித்தளத்துக்கும் ஒட்டிய இன்னொரு ஸ்டிக்கர். அந்தக் கட்டத்தில் மூடியது தப்பே இல்லை. தப்பு அதற்குப் பத்து வருடம் முன்பே நடந்துவிட்டது: சாட்டர்னின் முதல் வண்டியான எஸ் வரிசைக்கு அடுத்த தலைமுறை வண்டியை நேரத்துக்குக் கொடுக்காமல் பட்டினி போட்டார்கள்.

பெயர் போனாலும் பொறுப்பு போகாது என்பதற்கு இக்னிஷன் சுவிட்சை எடுத்துக்கொள்ளுங்கள். சுவிட்சுக்குள் ஒரு சிறு முளையும் அதைத் தள்ளும் ஸ்பிரிங்கும் இருக்கும். முளை குட்டை, ஸ்பிரிங் தளர்வு. கனமான சாவிக்கொத்து தொங்கினாலோ முழங்கால் பட்டாலோ சாவி ஓடும் நிலையிலிருந்து ஒரு படி பின்னே சரியும். எஞ்சின் நிற்கும், ஸ்டீயரிங் கனக்கும், ஏர்பேக் விரியாது. 2006-இல் முளையை நீளமாக்கிச் சரிசெய்தார்கள், ஆனால் பாக எண்ணை மாற்றவில்லை! அலமாரியில் நல்லதும் கெட்டதும் ஒரே எண்ணில் கலந்துவிட்டன. எண்ணைப் பார்த்துப் பிரிக்க வழியில்லாததால் பிற்காலத்து வண்டிகளையும் சேர்த்தே திரும்ப அழைக்க வேண்டியதாயிற்று. 2014-இல் அழைத்தவை சுமார் 26 லட்சம் வண்டிகள். ஷெவர்லே கோபால்ட், எச்.எச்.ஆர். மட்டுமா? பான்டியாக் ஜி5, சால்ஸ்டிஸ், சாட்டர்ன் அயான், ஸ்கை எல்லாம் அதில். அப்போது பான்டியாக் பலகையும் இல்லை, சாட்டர்ன் பலகையும் இல்லை. அந்த வண்டிக்காரர்கள் ஷெவர்லே, ப்யூக் வாசலில் போய் நின்றார்கள். ஆகவே ஒரு பெயரை மூடும் கம்பெனி முதலில் பத்திரப்படுத்த வேண்டியது சேஸி எண்ணுக்கு எதிரே இன்றைய உரிமையாளர் முகவரி. இரண்டாவது, தேதி வாரியான பாக மாற்றப் பதிவு.

வடக்கத்தியான்

சுவீடன் பெயரான சாப் பற்றி. மூடுவதைவிட விற்பது நல்லது என்று பலர் நினைக்கிறார்கள். வண்டி வைத்திருப்பவர் பக்கம் நின்று பார்த்தால் அப்படி இல்லை.

2010 பிப்ரவரியில் நெதர்லாந்தின் சிறு கார் கம்பெனியான ஸ்பைக்கர் கைக்குப் போனது, 2011 டிசம்பர் 19 அன்று சாப் திவால். கை மாறுவதற்கு முன் விற்ற வண்டிகளுக்கு ஜி.எம். வாரண்டி கொடுத்தது. அதற்குப் பின் வாங்கியவர் கையில் இருந்தது வெறும் காகிதம். கடைசியாக வந்த 9-4எக்ஸ் மெக்சிகோவில் ஜி.எம். ஆலையிலேயே செய்தது, ஆயிரம்கூடத் தேறவில்லை. அதன் உடல் பாகங்களுக்கு இன்று எங்கே போவது? 9-3 வைத்திருப்பவர்களுக்கு வேறு தலைவலி. ஸ்டீயரிங் தண்டிலுள்ள கட்டுப்பாட்டுப் பெட்டி அந்த வண்டியோடு ஜோடி சேர்க்கப்பட்டது. பழைய வண்டியிலிருந்து கழற்றி அப்படியே மாட்டினால் வேலை செய்யாது. டெக்-2 என்ற கணினிச் சோதனைக் கருவி வைத்திருக்கும் ஆளைத் தேடிப் பிடித்து ஜோடி சேர்க்க வேண்டும்.

ஏன் விழுந்தது? தனியாக நிற்கக் கால் இல்லை. புது 9-5 அடித்தளமும் ஜி.எம். உடையது. சீனக் கம்பெனி வாங்க வந்தபோது, அந்தத் தொழில்நுட்ப உரிமத்தைத் தர முடியாது என்று ஜி.எம். சொல்லிவிட்டது. அதோடு கதை முடிந்தது. சாட்டர்னும் இதே மாதிரிதான்: அமெரிக்க டீலர் குழுமமான பென்ஸ்கி பெயரையும் டீலர்களையும் எடுத்துக்கொள்ளச் சம்மதித்தது, ஜி.எம். கொஞ்ச காலம் வண்டி செய்து தரும், அதன்பின் வேறொருவர் தர வேண்டும். 2009 செப்டம்பர் 30 அன்று, வண்டி தருவதாகப் பேசிய ரெனோவின் இயக்குநர் குழு மறுத்ததும் அன்றே பேச்சு முறிந்தது. ஹம்மருக்குச் சொந்த ஆலையே கிடையாது. எச்2-ஐச் செய்தது இந்தியானாவில் ஏ.எம். ஜெனரல், எச்3-ஐச் செய்தது ஷ்ரீவ்போர்ட்டில் ஜி.எம். சீனாவின் டெங்ஜோங் வாங்குவதாக இருந்தது, அரசு அனுமதி வரவில்லை, 2010 பிப்ரவரியில் கைவிட்டார்கள்.

ஃபோர்டு விற்றதோடு ஒப்பிடுங்கள். 2008-இல் ஜாகுவாரும் லேண்ட் ரோவரும் 230 கோடி டாலருக்கு டாடாவுக்குப் போனபோது சொலிஹல், ஹேல்வுட், காசில் பிராம்விச் ஆலைகளும் கேய்டன், விட்லி வடிவமைப்புக் கூடங்களும் கூடவே போயின. எஞ்சினை ஃபோர்டு தொடர்ந்து கொடுத்தது. 2010-இல் ஜீலி வாங்கிய வோல்வோவும் அப்படியே. எனவே பெயரை விற்கும் முன் மூன்றைக் கேட்க வேண்டும்: ஆலை யாருடையது, வரைபடம் யாருடையது, எஞ்சின் எத்தனை வருடத்துக்கு? ஒன்றுக்குப் பதில் இல்லை என்றாலும் விற்காதீர்கள், ஒழுங்காக மூடுங்கள்.

கணக்குப்பிள்ளை

ஜி.எம்.சி.-யை ஏன் வைத்தார்கள், பான்டியாக்கை ஏன் விட்டார்கள் என்று அடிக்கடி கேட்கிறார்கள். ஜி.எம்.சி.-யின் சியரா பிக்கப் என்பது ஷெவர்லேயின் சில்வராடோதானே, அதைத்தானே முதலில் வெட்டியிருக்க வேண்டும்? வெட்டக்கூடாது. தனி வடிவமைப்புச் செலவு கிட்டத்தட்ட இல்லை, ஆனால் 1999-இல் யூகானில் தொடங்கிய டெனாலி மாதிரி குரோமும் தோலும் வைத்து விலையை ஏற்ற முடிகிறது. அதோடு ப்யூக் ஷோரூமுக்குள் பிக்கப் விற்பது ஜி.எம்.சி.தான். அது இல்லையென்றால் அந்த டீலர் பிழைக்க மாட்டார்.

ப்யூக்கைக் காப்பாற்றியது சீனா. 2008-இல் அமெரிக்காவில் விற்றது ஒன்றரை லட்சத்துக்கும் குறைவு, சீனாவில் அதைப் போல ஏறத்தாழ இரு மடங்கு. பிறந்த ஊரில் மூடிவிட்டு அங்கே மட்டும் விற்றால் மதிப்பு நிற்குமா என்ற பயம் இருந்தது. நியாயமான பயம்தான்.

கிரீஸ் கை

பான்டியாக்கை விட்டதை ஒத்துக்கொள்ள மாட்டேன். ஜி8 வண்டி ஆஸ்திரேலியாவில் எலிசபெத் ஆலையில் ஜி.எம்.-இன் ஆஸ்திரேலியக் கிளையான ஹோல்டன் செய்த கமடோர். ஜி.டி.-யில் 6.0 லிட்டர் வி8, 361 குதிரைத்திறன், பின்சக்கர ஓட்டம். அதே பெயரின் கீழே ஷெவர்லே அவியோவுக்கு ஜி3 என்று பேட்ஜ் ஒட்டியதுதான் பாவம்.

கணக்குப்பிள்ளை

வண்டி நல்லது, மறுக்கவில்லை. 2009 பிப்ரவரித் திட்டத்தில்கூட பான்டியாக்கைச் சிறு பிராண்டாக வைப்பதாகத்தான் எழுதினார்கள். மார்ச் 30 அன்று அரசு அந்தத் திட்டத்தைத் திருப்பி அனுப்பியது, ஏப்ரல் 27 அன்று மூடுவதாக அறிவிப்பு. ஆனால் அதே கமடோர் வரிசை 2013-இல் ஷெவர்லே எஸ்.எஸ். என்று திரும்ப வந்ததே. ஹம்மரும் இப்போது ஜி.எம்.சி.-யின் ஒரு மின்வண்டிப் பெயர். நல்ல வண்டி இருந்தால் வேறு கூரையின் கீழ் வாழும்.

கிரீஸ் கை

சரி, விடுங்கள். இந்த வண்டிகளை இன்னும் ஓட்டுபவர்களுக்கு: ஆராவுக்கு சஸ்பென்ஷன், பிரேக் பாகம் வேண்டுமென்றால் அதே காலத்து மாலிபு, பான்டியாக் ஜி6 பட்டியலையும் பாருங்கள், பல உருப்படிகள் பொருந்தும். பான்டியாக் வைபுக்கு எஞ்சின் பாகங்களை டொயோட்டா மேட்ரிக்ஸ் பட்டியலில் தேடுங்கள். 2010-இல் டொயோட்டாவின் ஆக்சிலரேட்டர் பெடல் அழைப்பில் 2009, 2010 வைபும் இருந்தது, அது முடிந்ததா என்று சேஸி எண்ணைக் கொடுத்துப் பாருங்கள். கண்ணாடி, முகப்பு விளக்கு, பம்பர் மூன்றும்தான் சிக்கல். நல்ல ஜோடி விளக்கு கண்ணில் பட்டால் தேவை வரும்வரை காத்திருக்காமல் வாங்கி, வெயில் படாத இடத்தில் துணி சுற்றி வையுங்கள்.