ஜப்பான் கிரீன் டீ கசக்கிறது, மீன் வாடை வேறு. எங்கே தப்பு செய்கிறேன்?

தண்டையார்பேட்டைக்காரன்:
கப்பலில் வேலை செய்கிற மச்சான் ஜப்பானிலிருந்து சென்சா என்கிற கிரீன் டீ ஒரு பாக்கெட் கொண்டுவந்தார். ஊசி ஊசியாகக் கரும்பச்சை இலை. நம்ம டீ மாதிரியே தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போது ரெண்டு ஸ்பூன் போட்டு அஞ்சு நிமிஷம் விட்டேன், நிலவேம்புக் கஷாயம் தோற்றது. அம்மா ஒரு வாய் குடித்துவிட்டு "இது காசிமேட்டுல வாங்கினதா?" என்று கேட்கிறார். பால் ஊற்றினால் சரியாகுமா? அவருக்கு ரத்தசோகை, இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுகிறார், இதைக் குடிக்கலாமா? உடம்பு இளைக்கும் என்பதெல்லாம் நிஜமா?

கல்மண்டபம்:
ஐயோ தம்பி, அதைக் கொதிக்கவிடலாமா! கொதிநீரில் கேட்டசினும் காஃபீனும் மளமளவென்று இறங்கும், கசப்பும் துவர்ப்பும் அதுதான். நாக்கில் தங்குகிற அந்த இதமான சுவைக்குக் காரணமான தியானின் சூடு குறைந்த தண்ணீரிலேயே இறங்கிவிடும். 70-80 டிகிரி போதும், அதற்குத் தெர்மாமீட்டர் வேண்டாம். நம்ம டீ மாஸ்டர் ஆற்றுகிறாரே, அதே வேலை, ஆனால் டீயை இல்லை, இலை போடுவதற்கு முன்னால் வெறும் தண்ணீரை. ஆறின டம்ளருக்கு ஒரு தடவை மாற்றினால் ஏறக்குறைய 10 டிகிரி குறையும், ரெண்டு மூணு தடவை மாற்று. ஜப்பானில் இதற்கென்றே யுசமாஷி என்று ஒரு கிண்ணம் வைத்திருக்கிறார்கள். ஒரு டம்ளருக்கு ஒரு ஸ்பூன் இலை, ஒரு நிமிஷம், கடைசிச் சொட்டுவரை வடித்துவிடு. அதே இலையில் ரெண்டாவது டம்ளரும் வரும்.

பெரம்பூர் லோகோ:
வாடை உன் தப்பு இல்லை. பறித்த உடனே இலையை ஆவியில் வேகவைப்பதால் அந்தப் புல், கடல்பாசி மணம் அப்படியே நிற்கும். சீனாக்காரர்கள் பெரும்பாலும் சட்டியில் வறுப்பார்கள், அதனால் அது வேறு மாதிரி இருக்கும். போர் தண்ணீரில் மட்டும் போடாதே, உப்பு சுவையை அமுக்கிவிடும், கேன் தண்ணீர் பரவாயில்லை. பால் வேண்டவே வேண்டாம். அம்மாவுக்கு அடுத்த தடவை ஹோஜிச்சா கொண்டுவரச் சொல், வறுத்த இலை, வாடை இருக்காது, கொதிநீரும் தாங்கும். இந்த வெயிலுக்கு நான் பச்சைத் தண்ணீரில் இலையைப் போட்டு ராத்திரி ஃபிரிட்ஜில் வைத்துவிடுகிறேன், காலையில் கசப்பே இல்லை.

எண்ணூர் எக்ஸ்பிரஸ்:
மாத்திரை விஷயத்தில் கவனம். டீயில் இருக்கிற பாலிஃபீனால் இரும்புச்சத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும், உடம்பில் சேரவிடாது. மாத்திரைக்கும் சாப்பாட்டுக்கும் முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள், டாக்டரிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள். இளைப்பதெல்லாம் பெரிதாக ஒன்றும் நடக்காது, பஜ்ஜியைக் குறைத்தால் அதைவிடப் பலன். ஜப்பானில் மியாகி பகுதியில் 40,530 பேரை 11 வருஷம் வரை கவனித்த ஆய்வு 2006-ல் வந்தது. தினம் 5 கப்போ அதற்கு மேலோ குடித்தவர்களிடம் இதய நோய், பக்கவாதச் சாவு குறைவு, புற்றுநோய்ச் சாவில் வித்தியாசம் இல்லை. அதற்கும் டீ மட்டுமே காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது, அவர்கள் சாப்பாடே வேறு. கிரீன் டீ மாத்திரை என்று விற்பதை மட்டும் தொடாதீர்கள், அளவு மிஞ்சினால் கல்லீரலைக் கெடுக்கும்.

தண்டையார்பேட்டைக்காரன்:
மூணு தடவை ஆற்றிப் போட்டேன், கசப்பு போயே போச்சு, ரெண்டாவது டம்ளர் இன்னும் நன்றாக இருந்தது. அம்மா பாதி குடித்துவிட்டு "வெந்நீர் நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு, பால் டீ போட எழுந்து போய்விட்டார்.