வெல்வெட்டும் ஃப்ளீஸும் ஒன்றுதான் என்கிறார் கடைக்காரர், நம்பலாமா?

மலைக்காற்று:
அடுத்த மாதம் மதுரையிலிருந்து குன்னூருக்குக் குடிபோகிறோம். பையனுக்கு ஆறு வயது. போர்வை எடுக்கப் போன கடையில் ஒரே மாதிரி மெத்தென்று இருந்த இரண்டைக் காட்டி, இது வெல்வெட், அது ஃப்ளீஸ் என்றார். என்ன வித்தியாசம் என்று கேட்டால் "ரெண்டும் ஒண்ணுதான்மா, பேர்தான் வேற" என்று சொல்லிவிட்டு வெல்வெட்டுக்கு மட்டும் முந்நூறு ரூபாய் கூடக் கேட்டார். ஒன்றுதான் என்றால் முந்நூறு எதற்கு? வெல்வெட்டையே வாங்கி வந்துவிட்டேன், இப்போது சந்தேகமாக இருக்கிறது. இதில் அம்மா வேறு, என் கல்யாண ரவிக்கைக்கு எடுத்து மிச்சமான மெரூன் வெல்வெட்டில் பேரனுக்குக் கோட்டு தைக்கலாம் என்கிறார். குளிர் தாங்குமா?

பனியன்காரன்:
திருப்பூரில் நிட்டிங்கில் இருக்கிறேன், சொல்கிறேன். நிஜ வெல்வெட் தறியில் நெய்வது. பெரும்பாலும் மேலே ஒன்று கீழே ஒன்று என இரண்டு துணியை ஒரே சமயத்தில் நெய்து, நடுவில் இரண்டையும் இணைக்கிற நூலைக் கத்தியால் அறுத்துக்கொண்டே போவார்கள். அறுபட்ட நுனிகள் நெருக்கமாக நிமிர்ந்து நிற்கும், நாம் தடவுவது அதைத்தான். ஃப்ளீஸ் பின்னல் துணி. பனியன் மாதிரி வளையம் வளையமாகப் பின்னி, கம்பிப் பல் வைத்த உருளையில் ஓட்டி இழையைக் கிளப்பிவிடுவது, ரைசிங் என்போம். கிளம்பிய இழைக்குள் காற்று மாட்டிக்கொள்ளும், அந்தக் காற்றுதான் கதகதப்பு.

எங்கள் ஊரில் ஃப்ளீஸ் என்று கேட்டால் ஸ்வெட்ஷர்ட்டுக்குப் போகிற, உள்பக்கம் மட்டும் ரைசிங் செய்த பருத்தித் துணியைக் காட்டுவார்கள். உங்களுக்கு வேண்டியது போலார் ஃப்ளீஸ், பாலியெஸ்டர். 1979ல் அமெரிக்காவில் மால்டன் மில்ஸ் என்ற துணி ஆலை கொண்டுவந்தது. 1993லிருந்து பழைய பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கிய நூலிலும் படகோனியா என்ற அமெரிக்கத் துணிக் கம்பெனி அதைப் போடுகிறது.

போர்வையின் ஓரத் தையலை லேசாக விலக்கி, போன் கேமராவைப் பெரிதாக்கிப் பாருங்கள். நூல் குறுக்கும் நெடுக்குமாக ஓடி, நுனியை இழுத்தால் உருவிக்கொண்டு வந்தால் நெசவு. வளையமாகத் தெரிந்தால் பின்னல். வெல்வெட் போர்வை என்று விற்பதில் முக்கால்வாசி பின்னல் பாலியெஸ்டர்தான் என்பது என் அனுபவம்.

ஊசிநூல்:
அம்மாவிடம் வேண்டாம் என்று சொல்லுங்கள், மலைக்காற்று. இருபது வருடமாக வெல்வெட் ரவிக்கை தைக்கிறேன். அதன் முடி, பனியன்காரன் சொன்ன அந்த நுனிகள், லேசாக ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும், ஒரு கைத் துணியைத் தலைகீழாக வெட்டிவிட்டால் அந்தக் கை மட்டும் வேறு மெரூனாகத் தெரியும், அதனால் எல்லாத் துண்டையும் ஒரே திசையில் வெட்டவேண்டும், துணி கூடப் பிடிக்கும். உங்கள் மிச்சத்தில் கோட்டு வராது. வந்தாலும் மிஷினில் இரண்டு மடிப்பும் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கும், பிரித்துத் தைத்தால் ஊசித்தடம் போகாது, நேராக இஸ்திரி வைத்தால் முடி அமுங்கிப் பளபளவென்று தடம் விழும். ஆறு வயசுப் பையன் அதைப் போட்டுக்கொண்டு மண்ணில் புரண்டால் அப்புறம் துவைப்பது யார்? ஃப்ளீஸ் ஓரம் பிரியாது, ஓவர்லாக்கூட இல்லாமல் விடலாம்.

தேயிலைமேடு:
கோத்தகிரியிலிருந்து. ஃப்ளீஸ் வாங்குங்கள், ஆனால் அதையே மேல்சட்டை என்று நினைத்துவிடாதீர்கள். காற்று அதற்குள் சல்லடை மாதிரி நுழையும், முதல் வருடம் அதை மட்டும் நம்பி பஸ் ஸ்டாண்டில் நின்று நடுங்கியிருக்கிறேன். மேலே மெல்லிசாக ஒரு ரெயின்கோட்டு போட்டுவிட்டால் போதும். இங்கே மழைக்காலத்தில் துணி காய்வதுதான் பெரிய பாடு, பாலியெஸ்டர் தண்ணீரை உறிஞ்சாது, உதறிப் போட்டால் ஃப்ளீஸ் சீக்கிரம் காய்ந்துவிடும். கனமான போர்வைதான் நாள்கணக்கில் கிடக்கும். நெருப்பு மூட்டிக் குளிர்காயும்போது மட்டும் பையனைத் தள்ளி உட்காரவையுங்கள், இந்தத் துணி உருகித் தோலில் ஒட்டும்.

மலைக்காற்று:
பார்த்துவிட்டேன், வளையம்தான்! லேபிளிலும் நூறு சதவீதம் பாலியெஸ்டர். ஆக, முந்நூறு ரூபாய் பெயருக்குக் கொடுத்தது.

பனியன்காரன்:
முழுக்க வீணில்லை. எடை போட்டுப் பாருங்கள், கனமாக இருந்தால் இழை அதிகம், அதற்குத்தான் காசு. ஜாக்கெட் எடுக்கும்போது ஜிஎஸ்எம் கேளுங்கள், ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்ற கணக்கு அது, 100 என்றால் மெல்லிசு, 200 உங்கள் ஊருக்குச் சரியாக இருக்கும், 300 பையனுக்குப் பாரம். உள்ளே திருப்பித் துவையுங்கள், இல்லையென்றால் ஒரு மாதத்தில் உருண்டை உருண்டையாகத் திரண்டுவிடும்.

மலைக்காற்று:
சரி அண்ணா, 200. அம்மாவைத்தான் சமாளிக்கவேண்டும், துணியை எடுத்து வெளியே வைத்துவிட்டார்.

ஊசிநூல்:
தலையணை உறை தைக்கச் சொல்லுங்கள். முன்பக்கம் மட்டும் வெல்வெட், பின்பக்கம் பழைய புடவை.