கர்ல் கட்டளைக்கு வரும் பக்கம் உலாவியில் வரவில்லை. ரீடைரக்ட்டில் போர்ட் எண் மறைகிறது

கேள்வி:
வணக்கம். டாக்கர் கன்டெய்னருக்குள் (நிரல்களைத் தனியே பிரித்து இயக்கும் சூழல்) என்ஜின்எக்ஸ் வலைச் சர்வர் 80-ஆம் போர்ட்டில் (இணைப்புகளை ஏற்கும் எண்ணிட்ட வாயில்) இயங்குகிறது. வெளியிலிருந்து அணுகுவதற்காக அதை முதலில் 6000-ஆம் போர்ட்டுடன் இணைத்திருந்தேன். உலாவி இல்லாமலே பக்கத்தைப் பெறும் கர்ல் கட்டளைக்குப் பக்கம் முழுமையாக வந்தது. குரோம் உலாவியோ பாதுகாப்பற்ற போர்ட் என்ற பிழையைக் காட்டி நின்றுவிட்டது. 9080-க்கு மாற்றிய பின் முகப்புப் பக்கம் திறக்கிறது. ஆனால் ‘/உதவி’ என்ற கோப்புறையை இறுதிச் சாய்கோடு இல்லாமல் அழைத்தால் முகவரியிலிருந்து 9080 மறைந்து, இணைப்பு மறுக்கப்பட்டதாகச் செய்தி வருகிறது. ரீடைரக்ட்டில், அதாவது வேறு முகவரிக்குத் திருப்பும்போது, போர்ட் எண்ணைச் சேர்ப்பதா என்று சொல்லும் ‘போர்ட்_இன்_ரீடைரக்ட்’ அமைப்பை ஆஃப் செய்தும் பயனில்லை. ஃபயர்வாலில் ஏதேனும் விடுபட்டிருக்குமா?

மறுமொழி 1:
6000 பற்றி மட்டும் சொல்கிறேன். அதில் ஃபயர்வாலுக்கு வேலையே இல்லை, ஏனெனில் அந்தக் கோரிக்கை உங்கள் கணினியை விட்டு வெளியே போகவே இல்லை. 6000 என்பது எக்ஸ்11 திரைச் சேவைக்குரிய போர்ட். ஒரு தீய வலைப்பக்கம் உலாவியின் வழியாக இத்தகைய பிற சேவைகளுக்குக் கட்டளைகளை அனுப்பிவிடக் கூடாது என்பதற்காக உலாவிகள் ஒரு தடைப்பட்டியலை வைத்திருக்கின்றன. 5060, 5061, 6665 முதல் 6669 வரையிலானவை எல்லாம் அதில் உண்டு. 2021-இல் குரோம் 10080-ஐயும் சேர்த்தபோது, அதுவரை நன்றாக இயங்கிய சில தளங்கள் திடீரென்று திறக்காமல் போயின. கர்லுக்கு இந்தப் பட்டியல் கிடையாது. உலாவியில் விலக்கு அளிக்க வழி இருந்தாலும், பயன்படுத்தும் ஒவ்வொருவரின் கணினியிலும் அதைச் செய்ய வேண்டியிருக்கும் என்பதால் நீங்கள் போர்ட்டை மாற்றியதே முறை.

மறுமொழி 2:
சாய்கோடு இல்லாமல் கோப்புறையைக் கேட்டால், சாய்கோடு சேர்த்த முகவரிக்குப் போகச் சொல்லும் 301 என்ற ரீடைரக்ட் பதிலை அனுப்புவது என்ஜின்எக்ஸின் இயல்பு. அப்போது அது முழு முகவரியையும் தானே எழுதுகிறது: பெயரைக் கோரிக்கையோடு உலாவி அனுப்பும் ஹோஸ்ட் தலைப்பிலிருந்தும், போர்ட்டைத் தான் கேட்டுக்கொண்டிருக்கும் போர்ட்டிலிருந்தும் எடுத்துக்கொள்கிறது. கன்டெய்னருக்குள் அது எச்டிடிபியின் இயல்பு போர்ட்டான 80 என்பதால் எண்ணே எழுதப்படுவதில்லை. வெளியே 9080 என்று ஒன்று இருப்பது அதற்குத் தெரியாது. நீங்கள் மாற்றிய அமைப்பு இதற்கு நேர்மாறான நிலைக்கு, அதாவது உள்ளே இருக்கும் 8080 போன்ற எண் வெளியே கசியும்போது உதவுவது. இங்கே ‘அப்சல்யூட்_ரீடைரக்ட் ஆஃப்’ என்று சர்வர் பகுதியில் எழுதி, அமைப்புகளை மறுபடி ஏற்றுங்கள். 1.11.8 பதிப்பு முதல் இந்த வசதி உண்டு. இதன்பின், போக வேண்டிய முகவரியைச் சொல்லும் லொகேஷன் தலைப்பில் ‘/உதவி/’ மட்டுமே வரும். பெயரையும் போர்ட்டையும் உலாவி தன்னிடம் உள்ளவாறே வைத்துக்கொள்ளும்.

கேட்டவர்:
மிக்க நன்றி. கர்லில் பார்த்தால் லொகேஷன் தலைப்பில் இப்போது ‘/உதவி/’ மட்டுமே இருக்கிறது. ஆனால் குரோம் இன்னமும் பழைய முகவரிக்கே செல்கிறது. சர்வர் பதிவேட்டில் அந்தக் கோரிக்கைக்கு ஒரு வரிகூட விழவில்லை.

மறுமொழி 2:
பதிவேட்டில் வரி விழவில்லை என்பதே விடை. 301 நிரந்தரமானது என்பதால் பழைய பதிலை உலாவி தன் கேஷில் (தற்காலிகச் சேமிப்பில்) வைத்துக்கொண்டு, சர்வரைக் கேட்காமலேயே திருப்பிவிடுகிறது. ‘/உதவி?1’ என்று தந்து பாருங்கள். புதிய முகவரி என்பதால் சர்வர் வரை வரும். அது சரியாகத் திறந்தால், டெவலப்பர் கருவிகளின் நெட்வொர்க் பகுதியில் கேஷை முடக்கும் தேர்வை இட்டு, அந்தப் பலகை திறந்திருக்கும்போதே பழைய முகவரியை ஒருமுறை ஏற்றினால் போதும். நீங்களே எழுதும் ரீடைரக்ட்டுகளைச் சோதனை முடியும்வரை தற்காலிகத் திருப்பலான 302 ஆகவே வைத்திருங்கள்.

மறுமொழி 1:
ஒன்றைச் சேர்க்கிறேன். கேஷை நீக்கிய பிறகும் முகவரி தானாக எச்டிடிபிஎஸ் ஆகி, எஸ்எஸ்எல் பிழை வந்தால், அதே பெயரில் 443-இல் (எச்டிடிபிஎஸ்-இன் இயல்பு போர்ட்) உள்ள தளம், எச்டிடிபிஎஸ் வழியாக மட்டுமே வர வேண்டும் என்று உலாவிக்குச் சொல்லும் எச்எஸ்டிஎஸ் தலைப்பை அனுப்புகிறதா என்று பாருங்கள். அந்த விதி பெயருக்கு உரியது, போர்ட்டுக்கு உரியதன்று. ஆகவே 9080-க்கும் அது பொருந்தும். உலாவி 9080 என்ற எண்ணை அப்படியே வைத்துக்கொண்டு, டிஎல்எஸ் (எச்டிடிபிஎஸ் பயன்படுத்தும் குறியாக்க முறை) பேசத் தெரியாத அந்தப் போர்ட்டிடம் டிஎல்எஸ் பேச முயலும். நெட்வொர்க் பகுதியில் 307 உள் ரீடைரக்ட் (உலாவி தனக்குள்ளேயே செய்யும் திருப்பல்) என்று தெரிந்தால் காரணம் அதுவே. அந்நிலையில் சோதனைத் தளத்திற்கு வேறு பெயர் கொடுங்கள், அல்லது 9080-இலும் சான்றிதழை நிறுவுங்கள்.