ஓப்பன் ஜியோடேட்டாவுக்கு 'இலவச' எண்டு போடவேண்டாம்

அண்ணை, ஓப்பன் ஜியோடேட்டாவுக்கு, அதாவது ஆரும் எடுத்துப் பாவிக்கக்கூடிய மப், செய்மதிப்படம் மாதிரித் தரவுக்கு, நீங்கள் தமிழில சொன்ன 'இலவச புவித்தரவு' எனக்குச் சரியாப் படேல்லை. இலவசம் எண்டா ஆரோ தருமத்துக்குத் தாறமாதிரிக் கேக்குது, நில அளவைத் திணைக்களம் படம் கீறுறது எங்கட வரிக்காசிலதானே. ஆற்ர காசில செய்தது எண்டதுக்கு ஒரு சொல்லும், ஆர் எப்பிடிப் பாவிக்கலாம் எண்டதுக்கு வேற சொல்லும் வேணும்.

பூமியைப் படம் எடுக்கிற லான்ட்சாட் செய்மதியைப் பாருங்கோ, 1972இல அமெரிக்க அரசாங்கக் காசில ஏவினது, ஆனா 1980களில விக்கிற வேலையைத் தனியாரிட்டக் குடுக்க ஒரு படம் 4,000 டொலருக்கு மேல போச்சு, 2008இலதான் ஆரும் சும்மா டவுன்லோட் பண்ணலாம் எண்டு வந்தது. பிரித்தானியாவில மப் கீறுற ஓர்ட்னன்ஸ் சேர்வேயும் அரசாங்கத்தின்ரதான், லைசன்ஸ் வித்துத்தான் செலவைப் பாத்தது, அந்தக் கடுப்பிலதான் 2004இல, ஆரும் சேர்ந்து கீறி ஆரும் பாவிக்கலாமெண்ட ஓப்பன்ஸ்ட்ரீட்மப் அங்க தொடங்கினது. 2010இல ஓர்ட்னன்ஸ் சேர்வே தன்ர தரவில கொஞ்சத்தைத் திறந்து விட்டது.

இஞ்ச இலங்கையிலையும் உதுதான். எங்கட பக்கத்துக் கமக்கார அமைப்பு ஒண்டு, குளத்தின்ர அலைகரைக்குள்ள, அதாவது தண்ணி ஏறுற கரைநிலத்துக்குள்ள, ஆரோ வேலி அடைச்சிட்டினம் எண்டு காசு கட்டிக் குளத்தின்ர படம் வாங்கினவை. தாளின்ர மூலையில அனுமதியில்லாமல் பிரதி எடுக்கக்கூடாதெண்டு அடிச்சிருக்கு. செயலாளர் அதைப் போனில எடுத்து, அலைகரையைச் சிவப்பால கீறி, வாட்சப் குறூப்பில விட்டிட்டார், இப்ப அது பிழையோ சரியோ எண்டு கேட்டா அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில கேட்டு வாங்கலாம்தான், ஆனா வாங்கினதைத் திரும்ப மப்பில ஏத்தி ஊருக்கெல்லாம் குடுக்கலாமோ எண்டது வேற கேள்வியெல்லோ.

'ஓப்பன்' எண்டதுக்குத் தங்கச்சி சொன்ன 'கட்டற்ற' மென்பொருளுக்கும் விக்கிப்பீடியாவுக்கும் பழகின சொல்தான், மறுக்கேல்லை. ஆனா வன்னியில கட்டெண்டா குளக்கட்டு, கட்டற்ற குளத்தில தண்ணி நிக்காது, கமக்காரர் கூட்டத்தில இந்தச் சொல்லைப் போட்டா முதல் அரைமணித்தியாலம் எந்தக் குளம் உடைச்சதெண்ட கதைதான் நடக்கும்.

அதால அரசாங்கக் காசில செய்தது 'பொதுநிதிப் புவித்தரவு', ஆரும் எடுத்து, மாத்தி, பகிரக்கூடியது 'திறந்த புவித்தரவு'. லான்ட்சாட் இப்ப ரெண்டும், அந்தக் குளப்படம் முதலாவது மட்டும்.

லைசன்ஸுக்கு 'உரிமம்' இருக்கட்டும், அதுக்கும் ஒரு இழுபறி வேண்டாம்.