ராப்டர் 700ஆர் முன் சஸ்பென்ஷன்: முதல்ல ஷாக்கா, ஏ-ஆர்மா?

புழுதிக்காடன்

வண்டி யமஹா ராப்டர் 700ஆர், நாலு சக்கர ஏடிவி. முன்பக்கம் இதுவரை எதையும் மாத்தல, ஷாக் (ஸ்பிரிங்கோட இருக்குற அதிர்வுத் தாங்கி), ஏ-ஆர்ம் (சக்கரத்தைச் சட்டத்தோட இணைக்கிற ஏ வடிவக் கை) ரெண்டும் வண்டியோட வந்ததுதான். மரங்களுக்கு நடுவுல ஓடுற கிராஸ் கன்ட்ரி ரேஸுக்குத் தயார் பண்ணணும். ஹெல்மெட், பூட்ஸ், தண்ணிப்பை எல்லாம் சேர்த்து எடை 92 கிலோ.

பிரச்சினை மூணு. தொடர் மேடுகள்ல முதல் நாலஞ்சு நல்லாப் போகுது, அதுக்கப்புறம் முன்பக்கம் கீழேயே உக்காந்துட்டு 'டங்'னு அடிக்குது. வளைவுல வண்டி வெளிப்பக்கம் சாயுது. வேர்லயோ கல்லுலயோ ஒரு சக்கரம் மோதினா ஹேண்டில்பார் கையைப் பிடுங்குது.

இப்போதைக்கு ஒண்ணுக்குத்தான் காசு. ஷாக் வாங்கவா, ஆர்ம் வாங்கவா? ஆர்ம்னா +2+1 (பக்கத்துக்கு 2 இன்ச் வெளியே, 1 இன்ச் முன்னே) சரியா, +1+1 போதுமா?

சாக்பீஸ்கோடு

ரெண்டும் வாங்காதீங்க, கொஞ்சம் பொறுங்க. மூணு பிரச்சினைக்கும் காரணம் வேற வேற. அதுல ஒண்ணு காசே இல்லாமத் தீரும்.

முதல் நாலஞ்சு மேடு நல்லாப் போய் அப்புறம் உக்காருதுன்னா, ரீபவுண்ட், அதாவது அமுங்குன ஷாக் திரும்ப நீளுற வேகம், மெதுவா இருக்கு. ஒரு மேட்டுல அமுங்குன ஷாக் அடுத்த மேடு வர்றதுக்குள்ள முழுசா நீளல. ஒவ்வொரு மேட்டுக்கும் கொஞ்சம் கொஞ்சமா இறங்கி கடைசில அடி தட்டுது. இதைப் பார்த்துட்டுக் கம்ப்ரஷனை (ஷாக் அமுங்குறதுக்கான தடையை) இறுக்குறவங்கதான் அதிகம். அது தப்பு மருந்து. ரீபவுண்ட் திருகை வலப்பக்கம் கடைசிவரை மூடி, எத்தனை கிளிக்ல இருந்ததுன்னு எழுதி வெச்சுக்குங்க. பழைய இடத்துக்குக் கொண்டு வந்து, அங்கிருந்து 2 கிளிக் திறந்து ஓட்டிப் பாருங்க. முன்பக்கம் மேல உதைக்க ஆரம்பிச்சா 1 கிளிக் மூடுங்க. ஒரு நேரத்துல ஒரே திருகு, ரெண்டு பக்கமும் ஒரே எண்ணிக்கை.

அடுத்தது சேக், அதாவது ஆள் ஏறி உக்காந்ததும் வண்டி இறங்குற அளவு. முன்பக்கத்தை ஜாக்கில தூக்கி, சக்கரம் அந்தரத்துல தொங்கும்போது அச்சு நடுவுல இருந்து ஃபென்டர்ல ஒரு புள்ளி வரைக்கும் அளங்க. கீழ இறக்கி, ரெண்டு மூணு தடவை அமுக்கிவிட்டு, கவசத்தோட ஏறி உக்காந்து மறுபடி அளங்க. இந்த வண்டிக்கு முன் டிராவல் (சக்கரம் மேலும் கீழும் போற தூரம்) 9.1 இன்ச், அதாவது 231 மி.மீ. வித்தியாசம் அதுல மூணுல ஒரு பங்கு, 75 மி.மீ. பக்கம் இருக்கணும். 95, 100ன்னு வந்தா பிரிலோட் வளையத்தை (ஸ்பிரிங்கை முன்கூட்டியே அமுக்கி வைக்கிற வளையம்) இறுக்கலாம், ஆனா அதுக்கு எல்லை உண்டு. பிரிலோட் ஏத்தினா வண்டி உயரும், ஸ்பிரிங் கெட்டியாகாது. வளையத்தை நிறைய இறுக்கினாத்தான் 75 வருதுன்னா உங்க எடைக்கு ஸ்பிரிங் போதலன்னு அர்த்தம்.

700ஆர் ஷாக் ஒண்ணும் குப்பை இல்ல. தனி ரிசர்வாயர் (ஆயிலும் நைட்ரஜனும் இருக்குற குடுவை), வேகமான கம்ப்ரஷன் (ஷாக் சட்டுன்னு அமுங்கும்போது), மெதுவான கம்ப்ரஷன் (மெல்ல அமுங்கும்போது), ரீபவுண்ட் மூணுக்கும் தனித்தனித் திருகு. அதையே பிரிச்சு, ஆயில் மாத்தி, நைட்ரஜன் அடைச்சு, எடைக்கேத்த ஸ்பிரிங் போட்டு, ஷிம் அடுக்கை (ஆயில் ஓட்டத்தைக் கட்டுப்படுத்துற மெல்லிய தகடுகளை) மாத்தினா இந்த சீசனுக்குத் தாராளம். வளைவுல சாயுறதுக்கு மெதுவான கம்ப்ரஷனை 2 கிளிக் மூடிப் பாருங்க. தாவி இறங்கும்போது மட்டும் அடி தட்டினா வேகமான கம்ப்ரஷன்.

மூணேகால்இன்ச்

சாக்பீஸ்கோடு சொன்னதில் ஒரு இடத்தில் மாறுபடுகிறேன். பிறகு எப்படியும் ஏ-ஆர்ம் மாற்றப் போகிறீர்கள் என்றால், இப்போது ஸ்பிரிங் வாங்குவது பணத்தை இரண்டு முறை செலவழிப்பது. ஆர்ம் நீண்டால் ஸ்பிரிங் கணக்கே மாறிவிடும்.

ஒரு மாதிரிக் கணக்கு. கீழ் ஆர்மில் சட்ட போல்ட்டிலிருந்து பால் ஜாயின்ட் (ஆர்மின் வெளிமுனையில் உள்ள உருண்டை மூட்டு) வரை 350 மி.மீ., ஷாக் போல்ட் 225 மி.மீட்டரில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். விகிதம் 0.64. சக்கரத்தில் உணரப்படும் விறைப்பு அந்த விகிதத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது: 0.41. ஆர்மை 2 இன்ச் நீட்டி, ஷாக் போல்ட்டை அதே இடத்தில் விட்டால் விகிதம் 0.56, வர்க்கம் 0.31. அதே ஸ்பிரிங், ஆனால் சக்கரத்துக்குக் கால் பங்கு மெத்தென்று ஆகிவிட்டது. 'புது ஆர்ம் போட்டேன், முன்பு இருந்ததைவிட அதிகமாக அடி தட்டுகிறது' என்ற புகார் வருவது இதனால்தான். ஷாக்கைச் சரிசெய்பவரிடம் எடையோடு சேர்த்து ஆர்மின் அளவையும் ஷாக் போல்ட் இருக்கும் இடத்தையும் சொல்ல வேண்டும்.

லாங் டிராவல் ஆர்ம் வேறு வகை. அதில் ஷாக் பொருந்தும் இடமே வேறு, ஷாக்கும் நீளம். உங்கள் ஷாக்கை அதில் மாட்ட முடியாது. விலை குறைவாகக் கிடைத்தது என்று பழைய ஆர்ம் வாங்குபவர்கள் இதில்தான் ஏமாறுகிறார்கள்.

அகலத்துக்கு வருவோம். +2+1 என்றால் பக்கத்துக்கு 2 இன்ச் வெளியே, 1 இன்ச் முன்னே. ராப்டரின் அகலம் 46.1 இன்ச். +2 போட்டால் 50.1. அமெரிக்க மோட்டோகிராஸ் விதியின் 50 இன்ச் எல்லையையே தாண்டுகிறது. அங்கே ரிம்மை மாற்றி உள்ளே இழுப்பார்கள். மரங்களுக்கு நடுவே ஓடுபவருக்கு அந்த அகலம் எதற்கு? +1+1 போட்டால் 48. வளைவில் சாய்வது நன்றாகவே குறையும், இடுக்கிலும் நுழையலாம். பின் அச்சு முன்பக்கத்தைவிட அகலமாக இருக்கக் கூடாது. முன்சக்கரம் நுழைந்த இடத்தில் பின்சக்கரமும் நுழைய வேண்டும், இல்லையென்றால் மரம் பின்டயரைப் பிடித்து வண்டியைத் திருப்பிவிடும்.

ஹேண்டில்பார் கையைப் பிடுங்குவதற்குப் பாதிக் காரணம் ரிம்தான். 10x5 ரிம்மில் 3+2 என்றால் ஹப் பொருந்தும் தட்டுக்கு உள்ளே 3 இன்ச், வெளியே 2 இன்ச். 4+1 போட்டால் டயரின் நடுக்கோடு பால் ஜாயின்ட்கள் வழியாகப் போகும் கோட்டை நெருங்கும், அதனால் கல்லில் மோதும்போது திருப்பும் நெம்புகோல் சிறியதாகிறது. பக்கத்துக்கு 1 இன்ச் அகலமும் குறையும். ரிம் டை ராட் (ஹேண்டில் திருப்பத்தைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் கம்பி) முனையில் உரசாமல் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். அதற்கும் முன்னால் டை ராட் முனை, பால் ஜாயின்ட், சக்கர பேரிங் மூன்றிலும் ஆட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். ஆட்டம் இருந்தால் மற்ற எதைச் செய்தும் பயனில்லை.

புழுதிக்காடன்

ரீபவுண்ட் 2 கிளிக் திறந்தேன், தொடர் மேடுல நிஜமாவே வித்தியாசம் தெரியுது. சேக் 98 மி.மீ. வருது. அப்போ +1+1 ஆர்மும், அதுக்கேத்த ஸ்பிரிங்கும் சேர்த்தே வாங்குறேன், ரெண்டு மாசம் தள்ளிப் போனாலும் பரவால்ல. மாட்டும்போது எதை எதைக் கவனிக்கணும்?

வெல்டிங்விநாயகம்

தம்பி, ஆர்மோட நீளமான டை ராடும் நீளமான பிரேக் ஹோஸும் சேர்த்து வாங்குங்க. இது ரெண்டும் இல்லாம வேலை பாதியில நிக்கும்.

ஆர்மை மாட்டி போல்ட்டை மேனுவல்ல இருக்குற டார்க்குக்கு (முறுக்கு விசைக்கு) முறுக்கின பிறகு, ஷாக் இல்லாம ஆர்மைத் தூக்கி விடுங்க. தன் எடையில தானா விழணும். பாதியில நின்னா உள்ளே இருக்கிற ஸ்லீவ் (போல்ட் போற உலோகக் குழாய்) அதைச் சுத்தியிருக்கிற புஷ்ஷைவிடக் குட்டையா இருக்கு, புஷ் நசுங்குதுன்னு அர்த்தம். அப்படியே விட்டா ஷாக் எவ்வளவு நல்லதா இருந்தாலும் வண்டி கட்டை மாதிரி ஓடும்.

அடுத்தது தான் பெரும்பாலானவங்க தாண்டிப் போற வேலை. ஷாக்ல இருந்து ஸ்பிரிங்கை மட்டும் கழட்டி, ஷாக்கை மாட்டி, சக்கரத்துக்கு அடியில ஜாக்கி வெச்சு, முழுசாத் தொங்குற நிலையில இருந்து முழுசா அமுங்குற நிலை வரைக்கும் மெதுவா ஏத்துங்க. நேரா ஒரு தடவை, இடது கடைசி, வலது கடைசின்னு ஹேண்டிலைத் திருப்பி ரெண்டு தடவை. பிரேக் ஹோஸ் இழுபடுதா, பால் ஜாயின்ட் கோணம் பத்தாம முட்டுதா, டை ராட் ஆர்ம்ல இடிக்குதா, டயர் ஃபென்டரையோ பம்பரையோ தொடுதா, ரிசர்வாயர் குழாய் எங்கயாவது உரசுதான்னு பாருங்க. +1 முன்னால போறதால டயர் பம்பர் பக்கம் நெருங்கும்.

ஏத்தும்போதே டோவும் (முன்சக்கரங்கள் உள்பக்கமோ வெளிப்பக்கமோ திரும்பியிருக்கிற அளவு) மாறுதான்னு கவனிங்க. 3, 4 மி.மீட்டருக்கு மேல மாறினா பம்ப் ஸ்டியர், அதாவது மேட்டுல ஏறும்போது சக்கரம் தானா திரும்பும். டை ராட் முனைக்கு அடியில வாஷர் வெச்சு உயரத்தை மாத்திச் சரி பண்ணணும். டை ராட் முனை மரை உள்ளே குறைஞ்சது விட்டத்துல ஒன்றரை மடங்கு போயிருக்கணும். 12 மி.மீ. மரைன்னா 18 மி.மீ. அதுக்குக் குறைவா நின்னா நீளம் தப்பா வாங்கியிருக்கீங்க.

டோ வைக்கிற முறை: ஹேண்டிலை நேராக் கட்டி, டயர் அழுத்தம் ரெண்டுலயும் 6 பிஎஸ்ஐ வெச்சு, டயர் நடுவுல சாக்பீஸ் கோடு போட்டு, அச்சு உயரத்துல முன்னாடியும் பின்னாடியும் அளங்க. ஆள் உக்காந்திருக்கணும். முன் அளவு 3-லருந்து 6 மி.மீ. குறைவா இருக்கட்டும். கேம்பர் (சக்கரம் பக்கவாட்டுல சாயுற கோணம்) மேல்பக்கம் உள்ளே 1 டிகிரி, மிஞ்சினா 2. காஸ்டர் (சக்கரம் திரும்புற அச்சு பின்பக்கம் சாயுற கோணம்) மாத்துற வசதி இருந்தா 6 டிகிரில ஆரம்பிங்க. கூட வெச்சா நேரா நல்லா ஓடும், ஆனா ரெண்டு மணி நேர ரேஸ்ல தோள் செத்துடும்.

பிரேக்கைக் காத்தெடுக்க டாட் 4 பிரேக் ஆயில் புது டப்பா உடைங்க.

சாக்பீஸ்கோடு

ஷாக் ராட்ல ஒரு மெல்லிசு ரப்பர் வளையம் போட்டு விடுங்க. ஓட்டி முடிச்சதும் அது நிக்கிற இடம்தான் எவ்வளவு டிராவல் செலவாச்சுன்னு காட்டும். ஒரு சுத்துல ஒண்ணு ரெண்டு தடவை மட்டும் கடைசியைத் தொடணும். தொடவே இல்லன்னா கெட்டியா வெச்சிருக்கீங்க. முதல் ஓட்டத்துக்கு அப்புறம் எல்லா லாக் நட்டையும் ஒரு தடவை தொட்டுப் பாருங்க, டை ராட் நட்டுதான் முதல்ல தளரும்.

புழுதிக்காடன்

ஸ்பிரிங் கேக்கும்போது வெறும் எடை சொல்லணுமா, 92 சொல்லணுமா?

மூணேகால்இன்ச்

92. நிரம்பிய தண்ணீர்ப் பையோடு.