ஏற்காடு: பத்து வருட லேப்டாப்புக்குப் புது எஸ்எஸ்டியா, செகண்ட் ஹேண்டா?

மலைக்கணக்கு (ஏற்காடு):

வணக்கம். ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட்டில் கணக்கு எழுதுகிறேன். 2016-இல் வாங்கிய லேப்டாப். ஐ3 ஆறாம் தலைமுறை, 8 ஜிபி ராம், 1 டிபி ஹார்ட் டிஸ்க். காலையில் பட்டனை அழுத்திவிட்டு மஸ்டர் எடுக்கப் போகிறேன். ஆள் பேரெல்லாம் கூப்பிட்டு முடித்துத் திரும்பி வந்தாலும் அந்த வட்டம் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது. டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் 100 சதவீதத்திலேயே நிற்கிறது. கணக்கு மென்பொருளான டேலி திறக்க இன்னும் மூன்று நிமிடம்.

ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாமல் சில்லுகளிலேயே தகவலைச் சேமிக்கும் டிரைவ்) போட்டால் சரியாகும் என்கிறார்கள். போன சனிக்கிழமை சேலம் இறங்கி, புது பஸ் ஸ்டாண்ட் பக்கம் இரண்டு கடைகளில் கேட்டேன். ஒரு கடையில் 480 ஜிபி புதுசு, மூன்று வருட வாரண்டி, 3,400 ரூபாய். இன்னொரு கடையில் 512 ஜிபி செகண்ட் ஹேண்ட், பெரிய கம்பெனி ஸ்டிக்கர் ஒட்டியது, 1,700 ரூபாய். "ஹெல்த் 100 இருக்குங்க, ஏழு நாள் செக்கிங் வாரண்டி" என்கிறார். சரிபாதி விலை. மிச்சப் பணத்தில் பேட்டரி மாற்றலாம் என்று பார்க்கிறேன். பேட்டரி செத்து ஒரு வருடமாகிறது, சார்ஜர் சொருகினால்தான் ஓடும்.

ஆறு வருடத்துச் செக்ரோல் (ஆட்களின் வருகை, கூலிப் பதிவேடு), பி.எஃப். கணக்கு, பறிப்புக் கூலி எல்லாம் இதில்தான் இருக்கின்றன. எதை வாங்கலாம்?

செவ்வாய்ப்பேட்டை மாணவன்:

அண்ணா, நான் செகண்ட் ஹேண்ட்தான் போட்டிருக்கிறேன். ஆபீஸ் லேப்டாப்பிலிருந்து கழற்றிய 256 ஜிபி, 900 ரூபாய்க்குக் கிடைத்தது. பணம் கொடுக்கும் முன்பே கடையில் சொருகிப் பார்த்தேன். ஓடிய நேரம் 2,900 மணி, எழுதியது 9 டிபி. இரண்டு வருடமாக ஒரு தொந்தரவும் இல்லை. அதனால் பழசு என்றாலே ஆகாது என்று சொல்ல மாட்டேன். ஆனால் என்னுடையதில் காலேஜ் ப்ராஜெக்ட் மட்டும்தான், அதுவும் கூகுள் டிரைவில் இன்னொரு காப்பி இருக்கிறது. நாளைக்கே செத்தாலும் எனக்குப் போவது 900 ரூபாய்தான்.

ஐந்துரோடு சர்வீஸ்:

சார், லேப்டாப் சர்வீஸ் செய்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன். முதலில் அந்த "ஹெல்த் 100" விஷயம். அந்தச் சதவீதம் எழுதி எழுதித் தேய்ந்த அளவை மட்டும்தான் காட்டும். உங்கள் கணக்கு வேலைக்கு ஒரு நாளைக்கு 10 ஜிபி எழுதுகிறது என்று தாராளமாகவே வைத்துக்கொள்ளுங்கள், வருடத்துக்கு மூன்றரை டிபி சொச்சம். பட்ஜெட் ரக 480 ஜிபி எஸ்எஸ்டிக்கே 120 டிபி வரை எழுதலாம் என்று கம்பெனிகள் போடுகின்றன. முப்பது வருடம் ஆனாலும் நீங்கள் அதைத் தாண்ட மாட்டீர்கள். ஆகவே தேய்மானத்தை நினைத்துப் பயப்பட வேண்டாம். என் டேபிளுக்குச் செத்து வருகிற எஸ்எஸ்டிகளில் பெரும்பாலும் போயிருப்பது டிரைவை இயக்கும் கன்ட்ரோலர் சிப். அது போகப்போகிறது என்று எந்தச் சதவீதமும் முன்கூட்டிச் சொல்லாது.

ஹார்ட் டிஸ்க் சாவதற்கு முன் கடகடவென்று சத்தம் போடும், மெதுவாகும், பெரும்பாலும் ஏதோ ஒரு விதத்தில் சொல்லிவிட்டுப் போகும். எஸ்எஸ்டி அப்படி இல்லை. நேற்று ராத்திரி வரை ஓடியது, காலையில் பயாஸிலேயே (லேப்டாப் தொடங்கும்போது வரும் அடிப்படைத் திரை) பெயர் தெரியாது. உள்ளே இருப்பதை மீட்பதும் ரொம்பக் கஷ்டம்.

அப்புறம் நீங்கள் போகிற போக்கில் சொன்ன பேட்டரி. எனக்கு அதுதான் பெரிய கவலை. மலையில் இடி மின்னல் என்றால் கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. ஒவ்வொரு தடவை போகும்போதும் உங்கள் லேப்டாப் பொட்டென்று அணைகிறது. எந்தத் தகவல் எந்தச் சில்லில் எந்த இடத்தில் இருக்கிறது என்று எஸ்எஸ்டி தனக்குள் ஒரு பட்டியல் வைத்துக்கொண்டு, எழுதும்போதெல்லாம் அதைத் திருத்திக்கொண்டே இருக்கும். சர்வருக்கான எஸ்எஸ்டிகளில், கரண்ட் போனாலும் அந்த வேலையை முடிக்க, கொஞ்சம் மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் கப்பாசிட்டர்கள் வைத்திருப்பார்கள். நாம் வாங்குகிற ரகங்களில் பொதுவாக அது கிடையாது. பட்டியல் பாதியில் நின்றால் ஃபைல் கெடலாம், சில நேரம் டிரைவே எழுந்திருக்காது. புதுசோ பழசோ, பேட்டரி இல்லாமல் மலையில் எஸ்எஸ்டி போடாதீர்கள்.

இப்போதைக்கு இரண்டு வேலை. கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளை இறக்கி, உங்கள் ஹார்ட் டிஸ்க்கில் 05 (கெட்டுப்போய் மாற்றப்பட்ட இடங்கள்), சி5 (சரியாகப் படிக்க முடியாமல் சந்தேகத்தில் உள்ள இடங்கள்) என்ற இரண்டு வரிகளின் மதிப்பைப் பாருங்கள், பூஜ்ஜியமாக இருந்தால் நல்லது. அதற்கு முன்பே டேலி டேட்டாவைப் பென்டிரைவில் எடுத்துவிடுங்கள். செகண்ட் ஹேண்ட் கடைக்கு மறுபடி போனால் அதே மென்பொருளை அங்கேயும் ஓட்டச் சொல்லிப் போட்டோ போடுங்கள்.

அம்மாபேட்டை டிடிபி:

மேலே சொன்னது முழுக்க உண்மை. நான் பட்டவன். மூன்று வருடத்துக்கு முன், பழசு என்று தெரிந்தேதான் ஒன்று வாங்கினேன். ஏழு நாள் வாரண்டியில் ஏழு நாளும் அருமையாக ஓடியது. நாலாவது மாதம், ஆவணி முகூர்த்த நேரத்தில் போய்விட்டது. அச்சுக்குப் போகக் காத்திருந்த பதினோரு கல்யாணப் பத்திரிகைகளை ராத்திரியும் பகலுமாக மறுபடி அடித்தேன். ஒரு வீட்டில் தாத்தா பெயரில் எழுத்துப் பிழை விழுந்துவிட்டது. அந்த அம்மா கேட்ட கேள்வி இன்னும் காதில் இருக்கிறது. அன்று நான் மிச்சம் பிடித்தது 1,500 ரூபாய்.

உங்களுக்கு இன்னொன்று: ஆறாம் தலைமுறை ஐ3 என்பதால் விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது, எட்டாம் தலைமுறையிலிருந்துதான். விண்டோஸ் 10-க்கு ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. நாளைக்கு லேப்டாப்பையே மாற்ற வேண்டி வரலாம். அதனால் பெரிதாகச் செலவு செய்யாமல் சாதாரண 2.5 அங்குல சாட்டா வகையே (பழைய ஹார்ட் டிஸ்க் இருந்த இடத்தில் அப்படியே பொருந்துவது) போதும். பிறகு யூஎஸ்பி கேஸில் (வெளியிலிருந்து சொருகும் பெட்டி) போட்டுக்கூட வைத்துக்கொள்ளலாம்.

மலைக்கணக்கு:

எல்லாருக்கும் நன்றி. நேற்று மறுபடி இறங்கினேன். என் ஹார்ட் டிஸ்க்கில் 05, சி5 இரண்டும் பூஜ்ஜியம். செகண்ட் ஹேண்ட் கடைக்காரர் மறுக்காமல் சொருகிக் காட்டினார். ஹெல்த் 100 சதவீதம், ஓடிய நேரம் 4 மணி, ஆன் செய்த எண்ணிக்கை 6. "பாருங்க, புதுசு மாதிரியே இருக்கு" என்றார். போட்டோ போட்டிருக்கிறேன். நாலு மணி நேரம்தான் ஓடியிருக்கிறது என்றால் நல்லதுதானே?

ஐந்துரோடு சர்வீஸ்:

சார், போட்டோவைப் பெரிதாக்கிப் பாருங்கள். திருகு மாட்டும் ஓட்டைகள் நாலிலும் கறுப்புப் போய் வெள்ளி தெரிகிறது, இழை தேய்ந்திருக்கிறது. சொருகும் இடத்துத் தங்கப் பட்டைகளில் கோடு கோடாகக் கீறல். ஸ்டிக்கரின் ஒரு மூலை தூக்கிக்கொண்டு, அடியில் பழைய பசை. ஆறே தடவை ஆன் செய்த பொருளில் இவ்வளவு எப்படி வரும்?

முக்கியமானது மென்பொருளின் மேல் வரி. ஸ்டிக்கரில் கம்பெனி பெயரும் மாடல் எண்ணும் இருக்கின்றன. திரையில் வெறும் "எஸ்எஸ்டி 512ஜிபி" என்று மட்டும் வருகிறது. பெரிய கம்பெனி டிரைவ் தன் மாடல் பெயரைச் சரியாகச் சொல்லும். பேக்டரியில் கன்ட்ரோலரைத் தயார் செய்கிற மென்பொருள் வெளியிலும் சுற்றுகிறது. அதை ஓட்டினால் மணிக்கணக்கு, எழுதிய அளவு எல்லாம் பூஜ்ஜியத்துக்குப் போய்விடும். எங்கிருந்தோ பிரித்த சில்லுகளைப் போட்டு, ஸ்டிக்கர் ஒட்டி வந்த சரக்கு என்றுதான் எனக்குப் படுகிறது. கடைக்காரருக்கே தெரியாமல் அவருக்கு வந்திருக்கலாம், அவரோடு சண்டை வேண்டாம். 2,900 மணி என்று உண்மையைச் சொல்லும் தம்பியின் டிரைவ் இந்த 4 மணியைவிட எவ்வளவோ மேல்.

புதுசை வாங்குங்கள். பில்லில் சீரியல் நம்பர் எழுதி வாங்கி, கம்பெனி தளத்தில் அந்த நம்பரைப் போட்டு வாரண்டி காட்டுகிறதா என்று அங்கேயே பாருங்கள். 1 டிபியை 480 ஜிபிக்கு அப்படியே குளோன் (முழு நகல்) செய்ய முயலாமல் விண்டோஸைப் புதிதாக ஏற்றுங்கள், அதுதான் சுத்தம். அதற்கு முன் பழையதில் டேலி லைசென்ஸைச் சரண்டர் செய்துவிடுங்கள் (திருப்பி ஒப்படைத்து, புதியதில் மறுபடி எடுப்பதற்காக).

மலைக்கணக்கு:

ஸ்டிக்கர் மூலையைக் கையில் வைத்துப் பார்த்தும் எனக்குத் தோன்றவில்லை. புதுசு வாங்கிவிட்டேன், 3,400. பேட்டரியும் போட்டேன், 1,800. நினைத்ததைவிடக் கூடுதல்தான். ஆனால் ஏழு நாளில் ஏதாவது என்றால் இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி ஏறி, ஒரு நாள் வேலையும் கெட்டிருக்கும்.

இன்று காலை பட்டனை அழுத்திவிட்டு மஸ்டர் நோட்டை எடுக்கத் திரும்பினேன், அதற்குள் திரை வந்துவிட்டது. மத்தியானம் கரண்ட் போனது. லேப்டாப் அணையவில்லை.

கடைசியாக ஒன்று. பழைய ஹார்ட் டிஸ்க்கை யூஎஸ்பி கேஸில் போட்டு, கணக்கை நகல் எடுத்து பீரோவில் வைக்கலாமா? இன்னொரு எஸ்எஸ்டி வாங்க வேண்டுமா?

ஐந்துரோடு சர்வீஸ்:

ஹார்ட் டிஸ்க்கே போதும் சார். 05, சி5 பூஜ்ஜியம் என்பதால் இப்போதைக்குப் பயன்படுத்தலாம். கரண்ட் இல்லாமல் மாதக்கணக்கில் சும்மா கிடக்கிற வேலைக்கு எஸ்எஸ்டி பொருத்தமில்லை. முழுக்கத் தேய்ந்த டிரைவ் 30 டிகிரியில் ஒரு வருடம் தகவலைப் பிடித்து வைத்தால் போதும் என்பதுதான் அதற்கான தொழில்துறை அளவுகோல். உங்கள் ஊர் மூடுபனி ஈரத்துக்கு, இறுக்கமான டப்பாவில் நாலு சிலிக்கா ஜெல் பையோடு வையுங்கள். சம்பளம் போடுகிற ஒவ்வொரு சனிக்கிழமையும் எடுத்துச் சொருகி நகல் எடுங்கள். பி.எஃப். ஃபைல்களை மட்டும் கூகுள் டிரைவிலும் போட்டுவிடுங்கள்.