போத்தலில் வைத்த கஞ்சாப் பூவில் சாம்பல் நிறம்

கேள்வி (ஸ்காபரோ தம்பி):
ஒன்ராறியோவில் அனுமதித்த நான்கு செடிகளை நிலவறையில் வளர்த்தேன். காயவைத்த பூக்களைப் போத்தல்களில் அடைத்தேன். ஒரு போத்தலில் சில பூக்களின் நடுவே சாம்பல் நிறம், பழந்துணி வாடை. கெட்டதை வெட்டி எறிந்துவிட்டு மீதியைப் பாவிக்கலாமா? அம்மாவுக்குக் கீமோ நடக்கிறது. குமட்டலுக்கு அவருக்கும் கொடுக்க நினைக்கிறேன்.

பதில் (தோட்டக்கார அக்கா):
வெட்டாதீர்கள் தம்பி, அந்தப் பூக்கள் அத்தனையையும் குப்பையில் போடுங்கள். சாம்பல் பஞ்சு பெரும்பாலும் போத்ரிட்டிஸ் என்ற பூஞ்சணம். அது காம்பை ஒட்டி உள்ளிருந்து பரவும். கண்ணுக்குத் தெரிவது கொஞ்சம்தான். வெள்ளையாக இருப்பதெல்லாம் பூஞ்சணம் என்று பயப்படவும் வேண்டாம். லென்ஸில் பாருங்கள்: உருண்டைத் தலையோடு மினுங்கினால் பிசின், நூல் நூலாகப் பின்னியிருந்தால் பூஞ்சணம்.

அம்மாவுக்கு இதில் ஒரு துளியும் வேண்டாம். நல்ல போத்தலில் இருப்பதும் வேண்டாம். ஆஸ்பெர்ஜில்லஸ் என்ற இன்னொரு பூஞ்சணத்தின் வித்துகள் கண்ணுக்குத் தெரியாது, புகையோடு நுரையீரலுக்குப் போகும். எலும்பு மச்சை மாற்று செய்துகொண்ட ஒருவர் இப்படி இறந்ததை 1988இலேயே மருத்துவ இதழில் எழுதியிருக்கிறார்கள். அவன் (oven) அடுப்பில் சுட்டால் சரியாகிவிடும் என்று யாராவது சொல்வார்கள். வித்து செத்தாலும் அது விட்ட நஞ்சு சூட்டுக்கு அசையாது.

கேள்வி (ஸ்காபரோ தம்பி):
அடுத்த அறுவடையை எப்படிக் காயவைப்பது அக்கா?

பதில் (தோட்டக்கார அக்கா):
அவசரப்படாமல். பெரிய பூக்களைப் பிரித்து, இருட்டில், 15 முதல் 20 பாகை வெப்பத்தில், ஈரப்பதம் 50 முதல் 60 சதவீதத்துக்குள் தொங்கவிடுங்கள். விசிறி ஓடட்டும், பூவின்மேல் நேராக அடிக்கக் கூடாது. சின்னக் கிளை வளையாமல் ஒடிந்த பிறகே போத்தல். உள்ளே சிறிய ஈரமானி வையுங்கள். 65ஐத் தாண்டினால் அன்றே வெளியே எடுத்துப் பரப்புங்கள். குளிர்சாதனப் பெட்டியில் வைத்து வைத்து எடுத்தால் வியர்க்கும். கோடையில் ஈரமுறிஞ்சி இல்லாத நிலவறை இந்த வேலைக்கு ஆகாது. அப்பளம்கூட அங்கே நமத்துப்போகும்.

பதில் (மருந்தகத்தில் வேலை செய்பவர்):
அம்மாவின் புற்றுநோய் மருத்துவரிடம் முதலில் பேசுங்கள். கீமோ குமட்டலுக்கு நாபிலோன் என்ற மாத்திரையே கனடாவில் மருந்துச்சீட்டுக்குக் கிடைக்கிறது. கஞ்சாதான் என்றால் உரிமம் பெற்ற எண்ணெய் அல்லது கேப்ஸ்யூல், புகை வேண்டாம். போதை தரும் பொருளான டிஎச்சி 2.5 மில்லிகிராம் அல்லது அதற்கும் குறைவாகத் தொடங்குங்கள். விழுங்கியது வேலை செய்யத் தொடங்கவே இரண்டு மணி நேரம் ஆகலாம், முழு வேகம் வர நான்கு மணி நேரம்கூட ஆகும். அதற்குள் இரண்டாவது தடவை கொடுக்காதீர்கள். இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுப்பவரானால், கஞ்சாவிலுள்ள சிபிடி என்ற பொருள் இரத்தத்தில் அந்த மருந்தின் அளவைக் கூட்டிவிடும். மருந்துப் பட்டியல் முழுவதையும் கொண்டுபோங்கள்.